மேசையில் கவிழ்த்த கைப்பை

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஜனவரி மாதம். மொன்றியலில் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, மெக்சிகோவில் வேலை பார்க்கும் என் மகனிடம் ஒரு மாதம் தங்கப் போனேன். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை; தனியாகத்தான் பயணம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. எதற்கும் பயப்படுகிற சுபாவம். போதாததற்குக் கூட வேலை செய்யும் பெண், "அக்கா, தாலிக்கொடியோட அங்க போறீங்களோ? கழுத்தையும் சேர்த்தெல்லோ கழட்டுவாங்கள்!" என்று சிரித்தாள்.

கொடியை வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் மனமில்லை. கழுத்தோடுதான் போனேன்.

மகனும் என் பயத்தைக் குறைக்கவில்லை. "அம்மா, றோட்டில கைகாட்டி டாக்சி மறிக்காதேங்கோ. வெளியில ஃபோனை எடுக்காதேங்கோ. கொடியைக் கழட்டி வையுங்கோ" என்றான். கழற்றினேன். எங்கே வைப்பது? அரிசி டின்னில் ஒரு நாள், மெத்தைக்கு அடியில் ஒரு நாள். தண்ணீர்க் கான் கொண்டுவருகிறவர் நிமிர்ந்து பார்த்தால் சந்தேகம். வாசல் காவலாளி பெயர் எழுதினால் சந்தேகம். எல்லோரையும்விட, வாரத்தில் இரண்டு நாள் வீடு துடைக்க வரும் பெண்மேல் சந்தேகம். என் வயதுதான் இருக்கும். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, சிரிப்பாள். ஏன் சிரிக்கிறாள் என்று யோசிப்பேன். அவள் துடைக்கும் அறைக்கெல்லாம் பின்னாலேயே போவேன்.

மூன்றாம் வாரம் கொடியைக் காணவில்லை.

"வடிவாத் தேடினீங்களோ?" என்றான் மகன்.

"நாலு தரம் தேடிட்டன். அவள்தான் எடுத்தவள்."

"எடுத்ததைப் பார்த்தனீங்களோ அம்மா?"

"பார்க்கவேணுமே? வேற ஆர் உள்ள வாறது?"

மகன் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டான். அவள் தன் கைப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, பஸ் அட்டை, தலையிடி மாத்திரை, துணியில் சுற்றிய ரொட்டி. டோர்வலில் வேலை முடிந்து வெளியேறும்போது காவலர் முன் நான் பையைத் திறந்து காட்டுவேனே, அதே மாதிரி, யார் முகத்தையும் பார்க்காமல். அந்த அவமானம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இனி வர வேண்டாம் என்று மகனைச் சொல்ல வைத்தேன்.

திரும்பி வந்து டோர்வலில் இறங்கி, வெளியே போகுமுன் பெட்டியிலிருந்து குளிர் கோட்டை எடுத்துப் போட்டேன். வலது கை உள்ளே போகவில்லை. கோட்டை ஆணியில் கொழுவும்போது கம்பளித் தொப்பியை அதன் கைக்குள் திணித்து வைப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம்தானே. தொப்பியை இழுத்தேன். அதற்குள்ளிருந்து கொடி விழுந்தது. ஒருநாள் பெல் அடித்த அவசரத்தில் நானே செருகியது. அந்த வெயில் ஊரில் கம்பளித் தொப்பியை யார் தேடுவார்? நானும் தேடவில்லை.

நின்ற இடத்திலேயே மகனுக்கு ஃபோன் எடுத்து அழுதேன். அவன் அன்றே அவள் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டான். "கொடி கிடைச்சது சந்தோஷமாம். ஆனா இனி வரமாட்டாவாம், அம்மா" என்றான்.

கொடி இப்போது என் கழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து காவலர் முன் பையைத் திறக்கும் ஒவ்வொரு நாளும், அந்தச் சீப்பும் துணியில் சுற்றிய ரொட்டியும்தான் என் கண்ணுக்குத் தெரிகின்றன.