பெயர் மாற்றப்பட்டுள்ளது

திங்கட்கிழமையின் முதல் வகுப்பு முடிந்து, பிள்ளைகள் கதிரைகளை இழுத்துத் தள்ளிக்கொண்டு எழும்பும் நேரத்தில் தனுஷிகா மேசைக்குக் கிட்ட வந்தாள். கடற்கரைப் பிள்ளை. வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள்.

"மிஸ், நேற்றுப் பேப்பரிலை நீங்கள் எழுதின அந்த அந்தோனி, அது எங்கடை அருட்பிரகாசம் மாமாதானே?"

விரிவுரையாளர் மிரியம் இராசசிங்கம் அடுக்கிக்கொண்டிருந்த தாள்களை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஆர் அப்பிடிச் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை மிஸ். மூத்த மகள் கன்னியாஸ்திரி, இளையவ வவுனியாவிலை நேர்ஸ், வலக்கையிலை ரெண்டு விரல் இல்லை. எங்கடை கரையிலை அப்பிடி வேறை ஆர் இருக்கினம்? பூசைக்குப் போன இடத்திலை எல்லாரும் அதைத்தான் கதைச்சவை."

மிரியம் பல்கலைக்கழகத்தில் தென்னாசியப் பிராந்தியக் கற்கை படிப்பிக்கிறாள். நாற்பது தாண்டியவள், கலியாணம் கட்டாதவள், நல்லூரில் தாய் மியூரியலோடு இருக்கிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்ற மியூரியலுக்கு மகளின் பாடம் என்னவென்று இன்றுவரை சரியாகப் பிடிபடவில்லை. ஆரும் கேட்டால், "அயல்நாடுகளைப் பற்றிப் படிப்பிக்கிறாள்" என்று சொல்லிச் சமாளிப்பார். அது ஒன்றும் பெரிய பிழையும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மிரியம் எல்லைக்கோடு எதுவும் போடாத ஒரு வரைபடத்தைச் சுவரில் தொங்கவிடுவாள். "உங்கடை பிராந்தியம் எது? கையை வைச்சுக் காட்டுங்கோ" என்பாள். வலிகாமத்துத் தோட்டக்காரரின் பிள்ளைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கை வைப்பார்கள். கடற்கரைப் பிள்ளைகளின் கை கடலுக்குள் போகும். அக்கரைத் தமிழ்நாடு வரைக்கும் போகாது, நடுவில் நின்றுவிடும். அந்த நடுக்கடல்தான் அவளுடைய ஆராய்ச்சி. இரண்டு நாட்டுக்காரரும் ஒரே தண்ணீரில் ஒரே மீனுக்கு அடிபடும் அந்த இடத்தை ஒரே பிராந்தியமாகப் பார்க்கவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். பாடுபட்டு அலைந்து எழுதியவள், அதைக் குறைசொல்ல முடியாது.

அக்கரை றோலர்கள், கடலடி வரை வாரி இழுக்கும் அந்த இயந்திரப் படகுகள், வந்து எங்கள் ஆட்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போவது எல்லோருக்கும் தெரிந்த கதை. அரசாங்கங்கள் பேசும், கடற்படை பிடிக்கும், நீதிமன்றம் விடும், றோலர் திரும்ப வரும். மிரியம் இரண்டு கரையிலும் போயிருந்து கேட்டவள். அக்கரையில் றோலர் ஓட்டும் ஒருவன் கதையோடு கதையாக ஒன்றைச் சொன்னான். இலங்கைக் கடலுக்குள் அவனுடைய படகில் தண்ணீர் ஏறி மூழ்கத் தொடங்கியபோது, இக்கரைக்காரர் ஒருவர் நான்கு பேரையும் தன் வள்ளத்தில் ஏற்றினாராம். கடற்படையிடம் கொடுக்காமல் எல்லைக்குக் கொண்டுபோய் அவர்களுடைய ஆட்களின் படகில் விட்டாராம். அந்த வள்ளத்தின் பெயர் மட்டும் அவனுக்கு நினைவிருந்தது.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மிரியம் துறை துறையாக விசாரித்து அருட்பிரகாசத்தைப் பிடித்தாள். அவர் லேசில் வாய் திறக்கவில்லை. திறந்தபோது, அதற்கு முதல் கிழமைதான் ஒரு றோலர் தன்னுடைய வலையை நாசமாக்கிவிட்டுப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னார். "பிறகு ஏன் அண்ணை ஏத்தினனீங்கள்?" என்று மிரியம் கேட்டதற்கு, "தண்ணிக்குள்ளை நிண்டு கத்துறான், என்ன செய்யிறது?" என்றார். உங்கள் பெயர் வெளியில் வராது என்று அவள் வாக்குக் கொடுத்தாள்.

பெயர் வரவில்லைதான். ஆராய்ச்சி முறை சொல்லித்தரும் புத்தகங்களில் உள்ளபடி பெயரை மாற்றினாள், வயதை மாற்றினாள், ஊரையும் வள்ளத்தையும் மாற்றினாள். கட்டுரை ஆங்கிலத்தில் வந்தபோது எங்கள் ஊரில் ஒரு குருவியும் அதைப் படிக்கவில்லை. ஞாயிறு பேப்பர்க்காரர் தமிழில் சுருக்கித் தரச்சொல்லிக் கேட்டார்கள், கொடுத்தாள். அடியில் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று ஒரு வரியும் போட்டாள். ஆனால் யாழ்ப்பாணத்தில் ஆளைப் பெயரை வைத்தா பிடிக்கிறார்கள்? கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் முதல் கேள்வி, ஆரின்ரை ஆள், பிள்ளையள் எங்கை, என்ன செய்யினம். பெயர் அதற்குப் பிறகுதான், அதுவும் நேரம் இருந்தால். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பிள்ளைகளையும் விரல்களையும் வெளியில் விட்டுவிட்டுப் பெயரை மட்டும் பொத்தி வைத்திருக்கிறாள். படித்த மடைத்தனம் என்று சொல்லாமல் இதை வேறு என்னவென்று சொல்வது?

அந்தக் கடற்கரைக் கிராமத்தின் பெயர் இங்கேயும் வேண்டாம். அங்கே கடற்றொழிலாளர் சங்கம் வைத்ததுதான் சட்டம். றோலர்க்காரருக்கு எந்த உதவி செய்தவனும் ஒரு சீசன் முழுக்கத் துறையில் வள்ளம் இறக்க முடியாது என்பது வலை இழந்த கோபத்தில் எல்லோரும் சேர்ந்து எடுத்த தீர்மானம். கை உயர்த்தியவர்களில் அருட்பிரகாசமும் ஒருவர்.

செவ்வாய்க்கிழமை சங்கத் தலைவர் லெனாட் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், ஞாயிறு பூசை முடியக் கூட்டம். நீங்கள் வந்து அது ஆரெண்டு சொன்னால் நல்லது. வராட்டிலும் நாங்கள் ஒரு முடிவு எடுக்கத்தான் வேணும்." குரலில் மரியாதை இருந்தது. இரக்கம் இருக்கவில்லை.

மிரியம் அருட்பிரகாசத்தின் தொலைபேசிக்கு அழைத்தாள். மனைவி லூர்த்தம்மாதான் எடுத்தார். "இனி என்னத்தைக் கேக்கப் போறியள் மிஸ்? இன்னும் எழுத ஏதும் மிச்சம் இருக்கோ?" என்றுவிட்டு வைத்துவிட்டார்.

அந்தக் கிழமை மிரியத்துக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் நின்றபடி, சொல்லிக்கொண்டிருந்த வசனத்தைப் பாதியில் மறந்தாள். வேறொரு ஊர் ஆள் என்று சொல்லலாம். சொன்னால் அந்த ஊரில் இன்னொருவனைத் தேடத் தொடங்குவார்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரே ஒரு வழிதான் தெரிந்தது: அப்படி ஒரு ஆளே இல்லை, நானாக எழுதியது என்று சொல்லிவிடுவது. கள்ளன் என்ற பெயர் வியாபாரிக்கு எப்படியோ, இல்லாத ஆளை எழுதினவள் என்ற பெயர் ஆராய்ச்சி செய்கிறவளுக்கு அப்படி. பதவி உயர்வு விண்ணப்பத்தோடு போயிருந்ததும் அந்தக் கட்டுரைதான். சனிக்கிழமை தாயிடம் சொன்னாள். மியூரியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஆண்டவர் பொய்யை மன்னிப்பார், உன்ரை கம்பஸ்காரர் மன்னிப்பினமோ தெரியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெதடிஸ்ட் சபைக்காரியான மிரியத்துக்குக் கத்தோலிக்கப் பூசை எப்போது முடியும் என்று எங்கே தெரியும்? முந்திப் போய்ச் சங்கக் கட்டட வாசலில் தனியாக நின்றாள். பிறகு சனம் வந்து நிறைந்தது. ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. அருட்பிரகாசம் கடைசி வரிசை வாங்கில் இருந்தார், வலக்கையை இடுப்பில் கட்டியிருந்த சறத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு. லூர்த்தம்மா வாசலில் நின்றார். சுவரோரத்தில் தனுஷிகாவின் தகப்பனும் நின்றார். இங்கே சொல்வது நாளைக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடும் என்று மிரியத்துக்கு விளங்கியது.

லெனாட் பேப்பரை விரித்தார். "மிஸ், இதிலை எழுதியிருக்கிறது ஆரைப் பற்றி?"

மிரியம் எழும்பினாள். முன்னாலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தரையும் பற்றி இல்லை," என்றாள். "அப்பிடி ஒரு ஆள் இல்லை. அங்கை இங்கை கேட்டதுகளைச் சேர்த்து நானாத்தான் எழுதினது. ஆரும் ஆரையும் ஏத்தேல்லை. பிழை என்ரை."

சலசலப்புக் கிளம்பியது. "படிச்சவையும் உப்பிடித்தான் அளக்கிறவையோ?" என்று ஆரோ சிரித்தான். லெனாட்டின் முகம் மெல்ல இளகியது. அவருக்கு அருட்பிரகாசம் சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. பேப்பரை மடித்தார். "அப்ப சரி. மிஸ்ஸே சொல்லிப்போட்டா. இதை உதோடை விடுவம்."

மிரியத்துக்கு மூச்சு வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் மெய்யாகவே நினைத்தாள்.

"மிஸ் பொய் சொல்லுறா."

எல்லோரும் திரும்பினார்கள். அருட்பிரகாசம் எழும்பி நின்றார்.

"இருங்கோ அண்ணை," என்றாள் மிரியம். குரல் கெஞ்சியது. "தயவுசெய்து இருங்கோ."

"இல்லை மிஸ். ஆரும் ஆரையும் ஏத்தேல்லை எண்டால் அந்த நாலு பேரும் செத்ததெண்டெல்லோ அர்த்தம்? செத்திருந்தால் நான் இண்டைக்குப் பூசையிலை போய் முழங்காலிலை நிண்டிருக்க ஏலாது." லெனாட்டைப் பார்த்தார். "ஏத்தினது நான்தான். தீர்மானத்துக்குக் கை உயர்த்தினதும் நான்தான். நீ செய்ய வேண்டியதைச் செய் லெனாட்."

வாசலில் லூர்த்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லெனாட் தலையைக் குனிந்தபடியே, தண்டனைக்குச் சம்மதிக்கிறவர்களைக் கை உயர்த்தச் சொன்னார். கைகள் உயர்ந்தன, சில தயங்கித் தயங்கி. ஒரு சீசன். அருட்பிரகாசம் தலையாட்டிவிட்டு வெளியே நடந்தார்.

மிரியம் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். கொடுத்த வாக்கும் போய், சொன்ன பொய்யும் வீணாய்ப் போய், அந்த மனிசனின் தொழிலும் போயிருந்தது. லூர்த்தம்மா கிட்ட வந்ததை அவள் காணவில்லை.

"நீங்கள் எழுதினதுக்கு எனக்கு உங்களிலை இன்னும் கோவம்தான்," என்றார் லூர்த்தம்மா. "சாகுமட்டும் கோவம்தான். ஆனால் இவ்வளவு சனத்துக்கு முன்னாலை எங்களுக்காண்டி உங்கடை மரியாதையைக் கெடுத்துப் பொய் சொன்னியள். அதுக்காக ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

வீட்டில் மூன்று பேரும் ஆளையாள் பார்க்காமல் தேத்தண்ணியைக் குடித்தார்கள். அருட்பிரகாசம் பேணியைக் கீழே வைத்தார்.

"மிஸ், அக்கரைக்குப் போனனீங்கள்தானே. உவன், நான் ஏத்தின அந்த ஓட்டி, இப்பவும் றோலரிலைதானோ வாறான்?"

மிரியத்துக்கு விடை தெரியும். இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

"ஓம் அண்ணை."

"எங்கடை பக்கத்துக்கோ?"

"ஓம்."

"விசரன்," என்றார் அருட்பிரகாசம். "போற முறை கண்டால் சொல்லுங்கோ, இந்தச் சீசன் நான் கடலிலை இல்லையெண்டு. திரும்பவும் படகு மூழ்கினால் ஏத்த ஆள் இல்லை."