தொடையில் வந்த அழைப்பு

இசிகோவின் இடது கை அவனைக் கேட்காமலே செய்யும் காரியம் ஒன்று உண்டு. கால்சட்டையின் மேல் இறங்கித் தொடையை ஒருமுறை மெல்லத் தட்டும். இரண்டு விரல் பைக்குள் நுழையும். போன் பாதி மட்டும் வெளியே வரும். கட்டைவிரல் திரையை எழுப்பும். கண் அதில் விழுந்து எழும். போன் உள்ளே போய்விடும். பேச்சுக்கு நடுவே, சாப்பாட்டுக்கு நடுவே, வலது கையால் பைக்கை முறுக்கிக்கொண்டு ஜிஞ்சா நகரத்துக் கடைத்தெருவில் போகும்போதும் இது நடக்கும். கரும்பு லாரிக்குப் பின்னால் ஒருமுறை இப்படித் திரையில் கண் வைத்து, லாரி நின்றதைப் பார்க்காமல், முகத்துக்கு நேரே கரும்புத் தோகை வந்த பிறகுதான் பிரேக் பிடித்தான்.

அந்தப் பைதான் அவனுக்குச் சோறு போடுவது. சந்தைக்குப் பின்னால் இருக்கும் வாடகை பைக் ஸ்டாண்டில் அவனுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. யாரும் பேசிக் காசை வீணாக்குவதில்லை. ஒரு மிஸ்டு கால் வந்தால் வா என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் வேறு வண்டி கிடைத்துவிட்டது, வராதே. போன் அதிர்ந்து பை துடித்ததும் வண்டியைக் கிளப்ப வேண்டும். தாமதித்தால் அடுத்த ஸ்டாண்டுக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒரு புது வினை ஆரம்பித்தது. பை துடிக்கும். எடுத்துப் பார்த்தால் திரையில் யாரும் கூப்பிட்டதாக இருக்காது. முதலில் டவரைத் திட்டினான். பிறகு போனைத் திட்டினான். ஒருநாள் துடிப்பை நம்பி, பார்க்காமலே, வழக்கமாக அழைக்கும் நர்ஸ் அம்மா வீட்டு வாசலுக்குப் போய் நின்றான். ஜன்னலில் தலை நீட்டிய அந்த அம்மா, "யாரு உன்னைக் கூப்பிட்டா? இன்னைக்கு எனக்கு லீவு" என்றாள். திரும்பி வரும் வழியில் அவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வந்த அழைப்பை யாரோ அழிக்கிறார்கள்.

ஸ்டாண்டில் அவனோடு பைக் ஓட்டும் பலிதாவா அதை உறுதிப்படுத்தினான். மற்றவர் வீட்டு விஷயத்தில் பலிதாவாவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"தானா அழியாதுடா. அழிக்க ஆள் இருந்தாத்தான் அழியும்."

"போன் என் பையிலதானே இருக்கு?"

"பையில இருந்தா? என் சகலன் போன் அவன் பையிலதான் இருந்துச்சு. அதைப் படிச்ச ஆளு கம்பாலாவுல இருந்தான். கண்ணாடியில தெரியற மாதிரி எல்லாம் இன்னொரு போன்ல தெரியுமாம். கோத்துவிட்டது யாரு? பொண்டாட்டி." பலிதாவா சப்பாத்தியில் சுருட்டிய முட்டையைக் கடித்தபடி சாவகாசமாகக் கேட்டான்: "உன் போன்ல வாட்ஸ்அப் போட்டுக் கொடுத்தது யாரு?"

அவன் மனைவி முதேசிதான் போட்டுக் கொடுத்தாள். கடைத்தெரு சலூனில் தலை பின்னுகிறவள். அந்த விரல்களுக்கு எதுவும் சிக்கலில்லை. போனை அமைத்துக் கொடுத்த அன்று, முகப்பில் அவர்கள் மகள் கைக்குழந்தை ககோயாவின் படத்தையும் அவள்தான் வைத்தாள். அன்றைக்கு அது அன்பாகத் தெரிந்தது. இப்போது யோசித்தால் கைதேர்ந்த வேலையாகத் தெரிந்தது.

அதன் பிறகு அவன் பார்க்காத நேரமில்லை. கிழங்கு வேகும்போது அவள் போனைப் பார்த்துச் சிரித்தால், யாருக்காக அந்தச் சிரிப்பு? பகலில் அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருந்தால், கை இரண்டும் அடுத்தவள் தலையில் இருக்க, ஆன்லைனில் இருப்பது எது? சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்தச் சொல் தோன்றுவதையும் மறைவதையும் பார்த்துக்கொண்டிருப்பான். தூக்கம் துண்டு துண்டாகப் போயிற்று. சாப்பாட்டின் ருசி போயிற்று. தெரிந்த வழியிலேயே திருப்பத்தைத் தவறவிட்டான். எல்லாவற்றுக்கும் கணக்கு அவள் பேரில் ஏறியது.

ஒருநாள் சாயங்காலம் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேர்க்கடலைக் குழம்பும் தட்டில் ஆறிக்கொண்டிருக்கக் கேட்டேவிட்டான்.

"ககோயாம்மா, மத்தியானம் எனக்கு வந்த மிஸ்டு காலை எதுக்கு அழிச்சே?"

"எந்தக் கால்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"போன் உங்ககிட்ட. கால் உங்களுக்கு. நான் சலூன்ல. அழிச்சது மட்டும் நானா?"

"இப்பல்லாம் கிட்ட இருக்கணும்னு இல்லையாம். கம்பாலாவுல இருந்தேகூட..."

"ஓ, பலிதாவா பாடமா? அவன் பொண்டாட்டி எங்க இருக்கான்னு அவனுக்கே தெரியாது. ஊர்ப் பொண்டாட்டிங்களை எண்ணிட்டு இருக்கான்."

அவளுடைய போனைக் கேட்டான். அவள் பூட்டைத் திறந்து கையில் கொடுத்தாள். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். தலைப் பின்னல் படங்கள், ஒரு கல்யாண வீடியோ, அத்தை அனுப்பிய ஜெபம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவனை உறுத்தியது. இவ்வளவு சுத்தமாக ஒரு போன் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை முதேசி குழந்தையைத் தூக்கிக்கொண்டு புவெங்கேயில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெண் இப்படிப் போய்விட்டால் புருஷன் தனக்காகப் பேச ஒருவனை அழைத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். முதேசியின் அப்பா இல்லை. அதனால் அவருடைய அக்கா நங்கோபி அத்தைதான் விசாரிப்பாள். அவன் சொல்வது உண்மை என்று ஆகிவிட்டால் கல்யாணம் அங்கேயே முறியும். இல்லையென்று ஆனால் அபராதம் கட்டி அழைத்து வரலாம். இசிகோவுக்கு முதேசி வேண்டும். ஆனால் அவள் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் என்று எப்படியோ நம்பிப் பலிதாவாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான்.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. முதேசி மண்டியிட்டு வணங்கினாள், முகத்தைக் காட்டவில்லை. மாமியார் உள் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். மருமகன் கண்ணில் மாமியார் படக்கூடாது, அவள் இருக்கும் அறை வாசலை அவன் மிதிக்கவும் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் குரலைக்கூட அவன் கேட்டதில்லை.

"முதல்ல போனெல்லாம் எடுங்க" என்றாள் நங்கோபி அத்தை. "பேசும்போது எல்லாரும் குனிஞ்சு தொடையைப் பாத்தா நான் யார் மூஞ்சியைப் பாக்கறது? பலிதாவா, உன்னுதும்." எனாமல் பேசினில் எல்லாவற்றையும் வாங்கி, மேலே துணி போட்டு, திரைக்கு அடியில் தள்ளினாள். உள்ளிருந்து ஒரு கை அதை இழுத்துக்கொண்டது.

பலிதாவா தொண்டையைச் செருமினான். "அத்தை, நாங்க சண்டைக்கு வரலை. எங்க வண்டியில ஒரு ஸ்க்ரூ காணோம். இங்க விழுந்திருக்குமான்னு பாக்க வந்தோம்."

"கழண்டது வண்டியிலயா, ஓட்டறவன்கிட்டயா?"

பலிதாவா அதற்குத் தயாராக வரவில்லை. இசிகோ தானே பேச ஆரம்பித்தான். துடிப்பையும் வெற்றுத் திரையையும் சொன்னான். கண்ணாடி மாதிரி தெரியும் போனைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. குரல் ஏறியது.

அப்போது அவன் இடது கை சட்டென்று தொடைக்கு இறங்கியது.

"இதோ! இதோ அடிக்குது! நீங்களே பாருங்க அத்தை, இப்பத்தான் அடிச்சுது, ஒரே ஒரு தடவை. எடுத்துப் பாத்தா இருக்காது. அதுக்குள்ள அழிச்சிருப்பாங்க!"

விரல்கள் பைக்குள் நுழைந்தன. அங்கே பைக் சாவி இருந்தது. வேறு எதுவும் இல்லை.

வாசலில் ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. பலிதாவாவின் கையும் அவன் சட்டைப் பைமேல் போயிருந்தது. மெதுவாக அதைக் கீழே இறக்கினான்.

திரைக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் கரகரத்து, ஒரு குரல் வந்தது.

"அண்ணி, மருமகன்கிட்டச் சொல்லுங்க. பேசின் என் மடியில இருக்கு. ஒண்ணும் அசையலை."

இசிகோ பாதி எழுந்து நின்றான். உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். போக முடியாது. ஒரு கணம் மாமியாரையும் சந்தேகப்பட்டான், மகளுக்காகச் சொல்கிறாளோ? ஆனால் அவன் காதில் விழும்படி அவள் பேசிய முதல் வார்த்தை அது. அதைப் பொய் என்று அவள் வீட்டிலேயே உட்கார்ந்து சொல்ல நாக்கு எழவில்லை. சந்தேகத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் அவன் தொடை ஒன்றுதான் மிச்சம். சொந்தத் தொடைமேல் குற்றம் சொல்லி அந்த ஊரில் யாரும் பஞ்சாயத்துக்கு வந்ததில்லை.

முதேசி அன்று முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இப்ப அழிச்சது யாரு?" என்றாள்.

இசிகோ உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் கண் கலங்கியது. அதை யாரும் பார்க்காதது போல் நங்கோபி அத்தை கோழி விலையைப் பற்றிப் பலிதாவாவிடம் பேச ஆரம்பித்தாள். அபராதம் ஒரு கோழி, அதையும் இங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அதுவரை பேசின் உள்ளேயே இருக்கும் என்று தீர்ப்பானது. சாப்பிடும்போது இசிகோவின் கை இன்னும் ஒருதரம் இறங்கியது. இந்தத் தடவை முதேசி அந்தக் கையைப் பிடித்துத் தட்டின் விளிம்பில் வைத்தாள்.

நர்ஸ் அம்மாவிடம் பின்னர் அவன் இதைச் சொன்னான். "இதுக்கா பயந்தே? எனக்கும் வரும்" என்றாள் அவள். "எப்பவும் காத்துக்கிட்டே இருந்தா மூளை அப்படிப் பழகிடும். சதை துடிச்சாலும் துணி உரசினாலும் போன்னுதான் நினைக்கும்." இப்போது போன் பைக்கின் டூல் பெட்டிக்குள் கிடக்கிறது. வண்டியை நிறுத்திய பிறகுதான் எடுத்துப் பார்க்கிறான். சில சவாரிகள் கைவிட்டுப் போகின்றன. காலிப் பை பல வாரம் துடித்தது, பிறகு எப்போதாவது. துடிக்கும்போது இன்னமும் அவன் சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்க்கத்தான் செய்கிறான்.

முதேசி தன் பக்கத்தை அவனிடம் சொன்னது அடுத்த மழைக்காலத்தில்தான். அவள் போனை ரவிக்கைக்குள் செருகி வைத்துக்கொண்டு தலை பின்னுகிறவள். அவளுக்கும் நெஞ்சில் அதே துடிப்பு, சார்ஜ் போடப் போனைக் கடையில் விட்டுவந்த நாளில்கூட. இவன்தான் தன்னை வேவு பார்க்க ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத் தடயத்தை அழிக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அன்று புவெங்கேக்குப் போனது அவன் சந்தேகப்பட்டான் என்பதற்காக அல்ல. அத்தை முன்னால் உட்காரவைத்து அவன் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான்.