வெள்ளைப் புள்ளி விழுந்தால் கட்டையைத் திட்டாதீர்கள்

பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அச்சு யூனிட்டில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டராகிவிடுவார்கள். இங்க் தண்ணி என்பார் ஒருவர், கெட்டி என்பார் அடுத்தவர். இரண்டும் இல்லையென்றால் கடற்காற்று. மரக்காணத்தில் எதற்கும் காற்றின் மேல் பழி போடலாம், அது திருப்பிப் பேசாது.

நான் மரக்கட்டையில் இங்க் உருட்டி, மேலே பேப்பர் விரித்து, மரக்கரண்டியால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்கிறவள். பதினெட்டு வருஷமாகிறது. அந்த வாரம் கல்யாணப் பத்திரிகை ஆர்டர், மயில் படம். மயிலுக்கு அம்மை போட்டதுபோல் உடம்பெல்லாம் புள்ளி.

இங்க்கை மாற்றினோம், ரோலரைக் கழுவினோம், பேப்பரை உதறினோம். போகவில்லை. எங்கள் ஓனருக்குக் கோபம் வந்தால் மூக்கு மட்டும் சிவக்கும். சிவந்த மூக்கோடு, கட்டை செதுக்குகிற கூனிமேடு சலீம் பாயிடம் போய் நின்றார்.

"பாய், உங்களுக்குக் கண்ணு போயிடுச்சு. உளி எங்கெங்கயோ குத்தியிருக்குது. இந்த மாசத்தோட நின்னுக்கங்க."

பாய் கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த நான் உப்பு எடுக்கப் போனேன்.

என்னால் ஆனதைச் செய்தேன். எங்கள் வீட்டில் உப்பளம்தான் சோறு போட்டது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பட்டது; திருஷ்டி என்றால் உப்புதான் மருந்து. தினமும் காலையில் ஒரு பிடி கல்லுப்பால் மேஜையை மூன்று சுற்று சுற்றித் தண்ணீரில் போடுவது என் வழக்கம். பாய்க்காக அதை இரண்டு வேளையாக்கினேன். புள்ளியும் இரட்டிப்பானது. அடப்பாவி, இவ்வளவு பெரிய கண்ணா என்று மூன்றாம் வேளையும் சுற்றினேன்.

மறுநாள் கெட்டுப்போன தாள்களை அடுக்கும்போதுதான் உறைத்தது. ஒரு தாளில் புள்ளி மயிலின் கழுத்தில். அடுத்ததில் வாலில். அதற்கடுத்ததில் காலில். உளி குத்திய பள்ளம் எப்படி நடந்து போகும்? கட்டையில் பழுது என்றால் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில்தானே விழ வேண்டும்! கட்டையைத் தடவினேன். நறநறவென்று ஏதோ நகத்தில் மாட்டியது. நாக்கில் வைத்தேன். தூ! இங்க்கோடு சேர்ந்து சுத்தமான உப்பு.

அந்த வாரம் கல்லுப்பு தீர்ந்துபோய், அண்ணனின் உப்பளத்திலிருந்து பொடி உப்பை அள்ளி வந்திருந்தேன். சுற்றும்போது விரலிடுக்கில் உதிர்ந்து கட்டையில் ஒட்டியிருக்கிறது. உப்பு உட்கார்ந்த இடத்தில் பேப்பரில் இங்க் படவில்லை.

ஓனரிடம் ஓடினேன். "சார், பாய் கண்ணு நல்லாத்தான் இருக்குது. என் புத்திதான் புல் மேயப் போயிடுச்சு."

கட்டையைத் துடைத்து ஒன்று எடுத்துக் காட்டினேன். மயில் பளிச்சென்று வந்தது. "பாய், எப்பவும் போல வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஓனர் உள்ளே போனார். மன்னிப்புக்கு அவரிடம் எப்போதும் ஸ்டாக் இருக்காது.

நான் கேட்டேன். "மன்னிச்சுக்கங்க பாய். இனிமே உப்பையே தொட மாட்டேன்."

"உப்ப விடும்மா. எனக்குக் கண்ணு போச்சுன்னு அவரு சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன? 'இல்ல சார்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பதினெட்டு வருஷத்தில் அவர் செதுக்கிய ஒரு கட்டையும் என்னைக் கைவிட்டதில்லை. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் உப்பு எடுக்கப் போனேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். புள்ளி இடம் மாறினால் கட்டையைத் துடையுங்கள். ஒரே இடத்தில் நின்றால் கட்டையைப் பாருங்கள். பக்கத்து ஆள்மேல் பழி விழுந்தால், எல்லாவற்றுக்கும் முதலில் வாயைத் திறங்கள்.