முதலாளி கடித்துப் பார்த்த மியூசியம்

‘கர்ர்ர்ர்...’

ஊர் அடங்கிய பிறகு, இருட்டில், வாசல் பக்கமிருந்து வந்த சத்தம். கொஞ்சம் நிற்கும். அப்பாடா என்று நான் மூச்சு விடுகிற நேரம் பார்த்து மறுபடி, ‘கர்ர்ர்ர்...’. எனக்கு ஒரு கையில் எட்டு மாதப் பாப்பா, இன்னொரு கையில் தோசைக்கரண்டி. டார்ச்சுக்குக் கை இல்லாததால் வாயில் கவ்வியிருந்தேன். கான்வென்டில் படித்தவள் என்பதால் பயம் வந்தால் மாதாவையும் முருகனையும் சேர்த்தே கூப்பிடுவது என் வழக்கம். அன்றைக்கு இரண்டு பேரையுமே ‘ம்ம்ம்’ என்றுதான் கூப்பிட முடிந்தது.

சரித்திரம் சொல்லிக்கொடுப்பது கஷ்டமான தொழில் இல்லை. சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ராத்திரி தூக்கம் கிடைப்பதுதான் கஷ்டம். டுட்டோரியல் காலேஜ் மேசைகளுக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டுபோன என் இனத்தவர்களே, பாப்பா தூங்கின பிறகு சமையலறை விளக்கில் உட்கார்ந்து உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சரக்கு இருந்த வீடு

எழுபதுகளின் கடைசியில் போடிக்குக் குடி வந்தோம். ‘வந்தோம்’ என்பது ஒரு மரியாதைக்கு. என் வீட்டுக்காரர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். சனிக்கிழமை லோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு இறங்குவார், திங்கட்கிழமை விடிவதற்குள் ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் நானும் பாப்பாவும்தான். வீடு முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கி. நடுவில் ஒரு சுவர் எழுப்பி வீடு என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசத்துக்குக் குறைவில்லை, பாயசத்துக்கு ஏலக்காயே போட வேண்டாம். வாசல் கதவு தேக்கு. யானை முட்டினாலும் அசையாது, பூட்டியிருந்தால். ஆனால் கொண்டி, நாதாங்கி, பூட்டு எல்லாம் வெளிப்பக்கம். உள்பக்கம் மொழுமொழுவென்று ஒன்றுமே இல்லை.

அதனால் ராத்திரி அம்மிக்கல்லை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுப்பேன். ஆடி மாதம் மலையிலிருந்து இறங்குகிற காற்று கதவைத் தள்ளும். அம்மி சிமெண்டுத் தரையில் நகரும். அதுதான் அந்தக் ‘கர்ர்ர்ர்’. தள்ளுவது காற்றா, ஒரு ஆளின் கையா என்பதுதான் உள்ளே இருக்கிற எனக்குத் தெரியாது. எங்கள் கான்வென்ட் ஹாஸ்டலில் ஒரு சிஸ்டர் தினமும் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்ப்பார். அந்த ‘டக்’ கேட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு இன்னமும் அப்படித்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் செல்லத்துரை முதலாளி, ஏலக்காய் வியாபாரி. அவரிடம் போய் ஒரே ஒரு உள்தாழ்ப்பாள் கேட்டேன். அப்பா வைத்த கதவு, ராசியான கதவு, ஆணி படக்கூடாது என்றார். ராத்திரியில் பயமாக இருக்கிறது என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வெளியதேன் பூட்டுவோம் டீச்சர், அந்தக் காலத்துலேர்ந்து. உள்ள இருந்தது சரக்கு. சரக்கு எந்திரிச்சு வந்து தாழ் போட்டுக்கிருமா?”

பேருக்குப் பின்னால்

இதே முதலாளி ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மாணவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்களும் ஒரு நுழைவுப் பரீட்சை எழுதிவிட்டுத் தபாலிலேயே பி.ஏ. படிக்கலாம் என்று வந்திருந்த காலம் அது. அரிசிக்கடை மாடியில் எங்கள் டுட்டோரியல். எனக்குக் ‘கலையும் பண்பாடும்’ என்ற பேப்பர். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கண்டால் முதலாளி எழுந்து நிற்பார். திங்கட்கிழமை அவரைக் கண்டால் நான் எழுந்து நிற்க வேண்டும். அவரைத் தவிர, மலைக்கு ஜீப்பு ஓட்டுகிற தங்கப்பாண்டி அண்ணன், ராசிங்காபுரத்திலிருந்து பஸ்சில் வருகிற சரஸ்வதி அக்கா, மேசைக்கடியில் கூடைக்குள் என் பாப்பா. வகுப்பு அவ்வளவுதான்.

முதல் நாள், எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். தங்கப்பாண்டி அண்ணன், கவர்மெண்ட் ஜீப்பு ஓட்ட ஆசை என்றார். சரஸ்வதி அக்கா, “வீட்ல இருந்தா மாமியாருக்குக் காலு அமுக்கணும்” என்றார். முதலாளி எழுந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறது என்றார். அதற்கும் பி.ஏ.வுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். “பத்திரிகை அடிக்கணும்ல டீச்சர். சம்பந்தி பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து நிக்கிது. எம் பேருக்குப் பின்னால வெறும் புள்ளிதேன் நிக்கிது.”

கிளச்சில் கால்

வெண்கல நடராஜர் படம் ஒன்றைக் கரும்பலகையில் மாட்டி, “இந்தத் தூக்கிய காலையும் ஊன்றிய காலையும் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டேன். அழகு, அமைதி, அசைவு என்று ஏதாவது ஒரு வார்த்தை வந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மணி அடிக்கிற வரை ஓட்டிவிடலாம். நம் தொழிலின் ரகசியம் உங்களுக்குத் தெரியாததா?

முதலாளி சாமி படம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சரஸ்வதி அக்காவும் போட்டுக்கொண்டார். தங்கப்பாண்டி அண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார். “நல்ல டிரைவரு டீச்சர். ஒரு காலு கிளச்சை விட்டுருச்சு, இன்னொரு காலு மிதிச்ச மிதி மாறல. மலைமேட்டுல வண்டிய நிப்பாட்டி எடுக்கிறவனுக்குத்தேன் இந்த வித்தை தெரியும்.”

யார் வீட்டு விசேஷம்?

ஒரு மியூசியத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு நாலு பக்கக் கட்டுரை எழுத வேண்டும் என்று பாடத்திட்டத்தில் இருந்தது. ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, மதுரைக்குப் போகிற பாசஞ்சரில் ஏறினோம். சரஸ்வதி அக்கா தூக்குவாளி நிறையப் புளியோதரை. முதலாளி வெள்ளைச் சட்டை, பையில் வழக்கம்போல ஒரு பிடி சாம்பிள் ஏலக்காய். அதில்லாமல் அவர் குளிக்கக்கூடப் போவதில்லை என்று ஊரில் பேச்சு. பாப்பா ஆள் மாற்றி ஆள் மடியில் போய்க்கொண்டிருந்தது.

எதிரே ஒரு அம்மாள் ஆண்டிபட்டி வரைக்கும் எங்களை அளந்துகொண்டே வந்தார். வெள்ளைச் சட்டை, தூக்குவாளி, கைக்குழந்தை. கடைசியில் பொறுக்கமாட்டாமல் யார் வீட்டு விசேஷம் என்றார். மியூசியத்துக்குப் போகிறோம் என்றேன். பழைய சிலைகள், பானைகளெல்லாம் வைத்திருக்கிற இடம் என்று விளக்கியும் சொன்னேன். அவருக்கு மனசு ஆறவில்லை. “அது சரி ஆத்தா. அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா, இம்புட்டுப் பேரு கெளம்பிப் போறீக?”

சாம்பிள்

பழைய பங்களா ஒன்றில் இருந்த சின்ன மியூசியம் அது. பெயர் சொல்ல மாட்டேன், வாட்ச்மேன் பிள்ளைகுட்டிக்காரர். முன் அறையில் கல் சிலைகள். மூக்குடைந்த அம்மன் ஒன்றின் முன்னால் சரஸ்வதி அக்கா தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “மூக்குத்திக்காக மூக்கையே பேத்துட்டான் பாவி” என்று கண் கலங்கினார். நான் செதுக்கு வேலை, காலம், பாணி என்று சொல்லிக்கொண்டே போனேன். பாப்பா ஒவ்வொரு சிலையிடமும் கையை நீட்டித் தூக்கச் சொன்னது.

கோடியறையில் முதுமக்கள் தாழிகள், அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள். உள்ளே கிடைத்த தானியத்தை ஒரு தட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். துடைப்பதற்காக வாட்ச்மேன் அதன் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். போடியில் ஏலக்காய் ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தட்டில் சாம்பிள் வரும். வியாபாரி ஒரு பிடி அள்ளி, உருட்டி, மோந்து, ஒன்றைக் கடித்து, மிச்சத்தைத் தரையில் விசிறிவிட்டு விலை சொல்வார். வாலிப வயசிலிருந்து முதலாளிக்கு அதுதான் சோலி. தட்டைக் கண்டதும் கை தானாகப் போய்விட்டது. நான் பாப்பாவின் வாயைத் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அள்ளி, உருட்டி, மோந்து, கடித்து, விசிறியும் விட்டார். “ஈரம் பட்ட சரக்கு. யாரு லோடு இது?” என்றும் கேட்டுவிட்டார். வாட்ச்மேன் ஈரத்துணியோடு அப்படியே நின்றார். “அது செத்துப்போனவங்களுக்குப் போட்டதுய்யா. கூட வச்சுப் புதைச்சது.”

கோடியறைச் சத்தம்

முதலாளி குழாயடியில் வாய் கொப்பளித்தார், கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். வேப்பமரத்தடியில் புளியோதரையைப் பிரித்தபோது அவர் கை வைக்கவில்லை. “செத்தவன் சோத்தைத் தின்னுட்டேனே டீச்சர். வீட்ல கல்யாணம் வருதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். வாட்ச்மேன் அதற்குள் சாப்பாட்டு நேரம் என்று எல்லா அறைகளையும் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

தேடிக்கொண்டு உள்ளே போனோம். கோடியறைப் பக்கமிருந்து ‘கர்ர்ர்ர்...’ என்று ஒரு சத்தம். அது என் வீட்டுச் சத்தம். வாட்ச்மேன் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினார். விரல் கடை அளவு திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. மறுபடியும் ‘கர்ர்ர்ர்’. தங்கப்பாண்டி அண்ணன் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே முதலாளி. மர பெஞ்சு ஒன்றைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, அதை இரண்டு கையாலும் நெட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நின்றார். வெள்ளைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மேலே பரணில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன.

கண்ணைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் இடுப்பிலிருந்த பாப்பாவைப் பார்த்தார். “வெளிய நடக்கிற சத்தம் கேக்குது, செத்தவனா, யாருன்னு தெரியல... உள்ள ஒரு தாழ்ப்பா கூட இல்லையே டீச்சர்!”

நாலு பக்கக் கட்டுரை

எதற்கு அங்கே தனியாகப் போனார் என்பது திரும்பும் ரயிலில்தான் தெரிந்தது. தின்ற தானியத்துக்குப் பதிலாகத் தன் பையிலிருந்த முதல்தர ஏலக்காயை அந்தத் தட்டில் வைக்கப் போயிருக்கிறார். சரக்கை எடுத்தால் சரக்கு வைக்க வேண்டும், அது வியாபார தர்மம். (அடுத்த வருஷம் வேறு ஆட்களோடு போனேன். கண்ணாடிக்குக் கீழே தானியத்தோடு ஏலக்காயும் இருந்தது. அதற்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள்.)

அந்த வாரமெல்லாம் என் அம்மி நகர்ந்துகொண்டேதான் இருந்தது. முதலாளி தாழ்ப்பாள் பேச்சே எடுக்கவில்லை. எனக்கும் கேட்கக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை கட்டுரைகள் வந்தன. சரஸ்வதி அக்கா மூன்று பக்கம் ரயிலைப் பற்றியும் ஒரு பக்கம் மூக்கைப் பற்றியும் எழுதியிருந்தார். தங்கப்பாண்டி அண்ணன் நடராஜருக்கு லைசென்சே கொடுத்திருந்தார். முதலாளியின் கட்டுரை ஒரே வாக்கியம்: ‘முன்னோர்கள் தானியத்தைச் சரியாகக் காய வைக்கவில்லை, மற்றபடி நல்லவர்கள், யாரையும் தொந்தரவு செய்யவில்லை.’ நாலு பக்கம் வேண்டுமே, பார்த்ததையெல்லாம் எழுதுங்கள் என்றேன். “பார்த்தாத்தான எழுதுறதுக்கு? நான்தேன் கண்ணை மூடிட்டுல்ல நின்னேன்.”

ஆவணி பிறந்தது

ஆவணி முதல் தேதி காலையில் வாசலில் ஆள் சத்தம். முதலாளியும், கையில் பையோடு ஒரு ஆசாரியும். ஆடியில் அந்தக் கதவில் கை வைக்க அவருக்கு மனசு வரவில்லையாம். ஆவணி பிறக்கக் காத்திருந்திருக்கிறார். துண்டிலிருந்து ஒரு சாண் நீளத்தில் இரும்புத் தாழ்ப்பாளை எடுத்தார். ஆசாரி உளியை வைத்துவிட்டுத் தயங்கினார். “அப்பா வச்ச கதவு மொதலாளி. ஆணி பட்டா ராசி போயிரும்னு நீங்கதேன சொல்வீக?” முதலாளி என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “வெரசா அடிய்யா. உள்ள இருக்கிறது சரக்கு இல்ல, ஆளு.”

பிறகு என்னையும் பாப்பாவையும் ஆசாரியையும் வெளியே நிறுத்தி, தானே உள்ளே போய்ச் சாத்தித் தாழ் போட்டுச் சோதித்தார். வெகுநேரம் திறக்கவில்லை. நான் தட்டினேன். உள்ளேயிருந்து அதட்டலாக ஒரு குரல் வந்தது, “யாரு?” டீச்சர் என்றேன். “எந்த டீச்சரு?”

மகள் கல்யாணப் பத்திரிகையில் அவர் பேருக்குப் பின்னால் ‘பி.ஏ. (நடப்பு)’ என்று போட்டிருந்தது. என் அம்மி இப்போது சமையலறையில் தேங்காய் அரைக்கிறது. இதை எழுதி முடிக்கிற இந்த ராத்திரியும் மலைக்காற்று வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிறது. எழுந்து போய், சிஸ்டர் மாதிரி ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். கலையும் பண்பாடும் படித்து என்ன கண்டீர்கள் என்று உங்களையும் யாராவது மடக்கினால், எங்கள் டீச்சர் ஒருத்தி ஒரு சாண் நீளத்தில் இரும்பாகக் கண்டாள், அதை உள்பக்கமாகப் போட்டும் விட்டாள் என்று சொல்லுங்கள்.