தவளைத் தொடையின் நிறம்

அந்தத் தவளையைக் கொன்றது நான்தான். வெயில் மேல் பழியைப் போட்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன், போதும்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவி, அண்ணாமலை நகரில் வாடகை அறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில், ஓர் ஓடைக்கரையில், பத்து நாள் தேடி, யாரும் அதுவரை பதிவு செய்யாத இனத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. காய்ந்த இலை நிறத்தில் முதுகு, மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு. விரல் நுனிகளில் குட்டிக் குட்டி வட்டத் தட்டுகள். உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூடுபனியில் அது தாவிய ஒரு நொடி தொடையின் உட்புறம் தெரிந்தது. அடேயப்பா, என்ன நிறம்!

தவளை செத்தால் நிறம் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே கலர் சார்ட்டில் ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். சார்ட்டை அறையிலேயே மறந்து வந்திருந்தேன். படம் எடுக்கலாம் என்றால் போனும் மழையில் நனைந்து கெட்டுப் போயிருந்தது. பேராசிரியரிடம் திட்டு வாங்கப் பயந்து, ஈரப்பாசி வைத்த டிபன் பாக்ஸில் அதை உயிரோடு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சேத்தியாத்தோப்பில் டயர் பஞ்சர். சித்திரை வெயில். மூடியைத் திறந்தால் கால்கள் துவண்டு கிடந்தன, தொண்டை மட்டும் துடித்தது.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "எங்க காட்டுமன்னார்கோயில் வயல்ல இல்லாத தவளையா? இதப் போயி பஸ்ல ஏத்திக்கிட்டு வர்றியே!"

"கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்கக்கா!" என்று எரிந்து விழுந்தேன். ஜன்னலோரம் இருந்த என் பாட்டிலை எடுத்தேன். அவர் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். நான் முறைத்ததும் இறக்கிக்கொண்டார். தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். கையில் பட்டபோதுதான் சுட்டது. குளிரில் பிறந்த உயிர், ஒருமுறை காலை நீட்டியது, அவ்வளவுதான்.

"தண்ணி கொதிக்குதுன்னு சொல்ல வந்தேம்மா," என்றார். "நீதான் வாய மூடச் சொன்ன."

அறைக்கு வந்து பார்க்கும்போது தொடை சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. அடுத்த வருடம் திரும்பப் போனேன். மழையில் மலைச்சரிவே இறங்கி ஓடையை மூடியிருந்தது.

"பழுப்புன்னு எழுதுங்க, யாரு போயி பாக்கப் போறா?" என்றார் பேராசிரியர். எழுதினேன்.

அது பழுப்பு இல்லை. அது மட்டும்தான் இன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நாளைக்கு யாராவது அப்படி ஒன்றைக் கையில் பிடித்தால், என் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது அது இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.