இரண்டு வருஷம் கழித்துக் கேட்ட கேதம்

இந்த ஸ்காட்லாந்து ஊரில் துக்கம் விசாரிக்க நாற்காலியை வட்டமாகப் போடுகிறார்கள். கொரோனாவில் ஆளைப் பறிகொடுத்தவர்கள் வியாழக்கிழமைதோறும் நூலகத்தில் கூடி மனசில் கிடப்பதைப் பேசலாம் என்று நகராட்சியின் ஏற்பாடு. டீயும் பிஸ்கட்டும் வேறு! கேதம் கேட்கப் போன இடத்தில் கை நனைக்கலாமா? நான் தொடவில்லை. அப்பாவைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினேன், அழுதேன், எழுந்து சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்டினேன்.

வீட்டுச் சாவியைத் திருகும்போதே போன் அடித்தது. வட்டத்தை நடத்தும் மொய்ரா. "பத்திரமாக இருக்கிறாயா? கூட யாராவது இருக்கிறார்களா?" என்று மூச்சிரைக்கக் கேட்கிறாள். நான் ஏதாவது செய்துகொள்வேனோ என்று பயந்துவிட்டாளாம். எங்கள் திண்டுக்கல் பக்கம் இழவு வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொன்னால்தான் தப்பு, இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும் என்று விளக்கினேன். "சரி, நீ சொல்லாமலே போ. ஆனால் நான் கூப்பிடுவேன்," என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காகப் பதறுகிறாள்!

என் தம்பி முருகேசனுக்கு அப்படிப் பதற வெளியாள் ஒருத்தரும் வாய்க்கவில்லை. திண்டுக்கல் பக்கத்து ஆத்தூரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்தே பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோனார்கள். நான் வர விமானம் இல்லை. தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை; அவரவருக்கு உயிர்ப் பயம், யாரைக் குறை சொல்ல? பயம் தெளிந்து வந்தவர்களும், ஆறின புண்ணைக் கிளறுவானேன் என்று மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். அது ஆறவே இல்லை. ரெண்டு வருஷமாகக் கட்டிலே கதி என்று கிடக்கிறான். மனசு டாக்டரைப் பார்க்கலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பான். "பூப்பறிக்கக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறாரு. பயமா இருக்கு மதினி," என்று அவன் பொண்டாட்டி செல்வி போனில் அழுவாள்.

மொய்ரா பேசிய மறுநாள் அவனை வீடியோவில் கூப்பிட்டேன்.

"ஏலே, கேதம் கேக்க வந்திருக்கேன்."

"நீயே எழவு வீட்டுக்காரி. நீ என்னத்தக்கா கேக்குற?"

"எனக்கும்தான் ஒருத்தரும் கேக்கல. நான் கேக்குறேன், அப்பறம் நீ கேளு. அப்பா கடைசியா என்னப்பு சொன்னாரு?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மூஞ்சில குழாய மாட்டியிருந்துச்சுக்கா. அத வெலக்கிட்டு, 'அம்புட்டுப் பூவும் விரிஞ்சிரும், போய்ப் பறிலே'ன்னாரு. 'போயிட்டு வாரேம்ப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். பறிச்சு முடிக்கங்குள்ள ஆளு இல்ல."

அவன் வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன். அழுது ஓய்ந்ததும், 'வச்சிரட்டுமா' என்றுகூடக் கேட்காமல் போனை வைத்தேன்.

கேதம் கேட்டால் தலைக்கு ஊற்ற வேண்டும். குளியலறைக்குப் போனேன். ஆனால் மொய்ராவின் பதற்றம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. என்ன பண்றானோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. திருப்பிக் கூப்பிட எங்கள் ஊர் வழக்கம் விடவில்லை, சும்மா இருக்க இந்த ஊர் விடவில்லை. போனை நனையாத ஓரத்தில், கண்ணுக்கு எட்டும்படி வைத்துக்கொண்டு தண்ணீரைத் திறந்தேன். பாதிக் குளியலில் அது மினுங்கியது. செல்வி அனுப்பியிருந்தாள்.

"மதினி, உங்க தம்பி எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திட்டாரு. விடியக்காலம் பூப்பறிக்கக் கூடை எங்கன்னு கேக்குறாரு."