எஞ்சின் அணைந்த பிறகும்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. இது என் பெரியம்மா மகளுக்கு நடந்தது. ஊரே அவளை மெக்கானிக் அக்கா என்றுதான் கூப்பிடும். இருபது வருஷமாக எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவள். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் வயிறு வலிக்கச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

அன்று காலை பதினொன்றரை. வெயில் சுள்ளென்று அடித்தது. சாம்பல் நிற டர்போ கார் ஒன்று பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கசங்காத சட்டை. தூங்கி நாளான கண்கள்.

"உள்ள ஏதோ இரைக்குதுங்க. நாலு பட்டறை பாத்துட்டேன். யாருக்கும் பிடிபடல."

அக்கா பானெட்டைத் திறந்தாள். ஹ்ஸ்ஸ்... ஹ்ஸ்ஸ்... எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற சின்ன ரப்பர் குழாய்கள் பழசாகிப் போனால் இப்படித்தான் கசியும்.

"குழாயெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. தேவையில்லாததைக் கழட்டிட்டு வாயை அடைச்சிடறேன்."

"அடைங்க. மொத்தமா அடைங்க."

அந்தக் குரலில் இருந்த வெறுப்பு அவளை உறுத்தியது. ஒரு குழாய் மேல் யாராவது இவ்வளவு ஆத்திரப்படுவார்களா? மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பிரேக்குக்குப் போகிற குழாயைத் தொடாமல், மற்ற ஆறையும் கழற்றினாள். ஆறு வாய்க்கும் ரப்பர் மூடி. டர்போ காற்றை அமுக்கினால் மூடி தெறித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றின் மேலும் கிளிப் போட்டு இறுக்கினாள். 1:50-க்கு ஓட்டிப் பார்த்தாள். துளி சத்தம் இல்லை. அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஹ்ஸ்ஸ்...

திரும்பினாள். எஞ்சின் ஓடவில்லை. சாவி அவள் பாக்கெட்டில்.

ஆறு மூடியும் தரையில் கிடந்தன. கிளிப்புகள் மட்டும் இறுக்கின இடத்திலேயே இருந்தன.

ஒரு வாயில் விரலை வைத்தாள். எஞ்சின் ஓடாமல் உறிஞ்சவே உறிஞ்சாது.

விரலை இழுத்தது.

விட்டது... மறுபடி இழுத்தது.

யாரோ மூச்சுக்குத் தவிப்பது போல.

"யாரும்மா?" என்று கேட்டாளாம். ஏன் 'அம்மா' என்றாள், அவளுக்கே தெரியாது.

சத்தம் நின்றது.

பானெட் தானாக இறங்கியது... டப்.

2:10.

மூன்று மணிக்கு அவர் வந்தார். அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"வேலை முடியல. இன்னிக்கு வண்டியை எடுக்காதீங்க."

"ஏன்?"

"உள்ள யாரோ மூச்சு விடறாங்க."

அவர் முகம் வெளுத்தது. பிறகு உதட்டைக் கோணினார்.

"அவ மூச்சு நின்னு வருஷம் ஒண்ணாச்சு. இனிமே என்னை என்ன பண்ணிடுவா?"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். ஆறு வாயும் திறந்து கிடக்கிற எஞ்சின் திக்கித் திணறியிருக்க வேண்டும். ஆனால் வெண்ணெயாக ஓடியது. அவர் கை வைக்காமலே கண்ணாடிகள் மேலே ஏறின. 3:04-க்கு வண்டி தெருமுனை திரும்பியது.

நாலு நாள் கழித்து ஒருவர் வந்தார். அந்த ஆளின் மனைவிக்கு அண்ணன்.

"உங்க பட்டறைச் சீட்டு அவன் சட்டைப்பையில இருந்துச்சு. அதான் வந்தேன். என் தங்கச்சிக்கு ஆஸ்துமாங்க. அந்த வண்டியிலதான் செத்தா. உள்ள வச்சுப் பூட்டிட்டு, மருந்தைக் கையில வச்சுக்கிட்டு வெளியில நின்னு வேடிக்கை பாத்திருக்கான். மாடியிலேருந்து பாத்தவங்க சாட்சி சொல்ல வரல."

அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அவன் வண்டி ரெண்டு தெரு தாண்டி ஓரமா நின்னுது. மூணு இருபதுக்குப் பாத்திருக்காங்க. மூச்சு முட்டிச் செத்திருக்கான். கண்ணாடியில உள்பக்கம் பூரா அவன் நகக்கீறல். விரல்ல நகமே மிச்சமில்ல."

கிளம்பப் போனவர் வாசலில் திரும்பினார்.

"ஒண்ணுதாங்க போலீஸுக்கும் புரியல. நாலு கதவுல ஒண்ணுகூடப் பூட்டியிருக்கல."